பாம்புத்தோற் கல் பிறக்கும் இடங்கள்

தில்லி, மும்பை, கொல்கத்தா முதலிய நகரங்களில் வாழும் நம்மவர், பெரிய கட்டடங்களின் தளங்களிலும் தூண்களிலும் கரும்பச்சை நிறத்தில் வெள்ளை நரம்போடிய ஒருவகைக் கல்லைப் பன்முறை கண்டிருப்பர். கடைவீதியில் அதற்குப் 'பச்சைச் சலவைக்கல்' என்று பெயர். இராஜஸ்தானத்தில் உதயப்பூருக்குத் தெற்கே, ரிஷபதேவ் என்னும் சமணத் திருப்பதியைச் சூழ்ந்துள்ள நிலப்பகுதியில் அது மிகுதியாக வெட்டப்படுகின்றது. ஆயினும் அதனைச் சலவைக்கல் என்பது வணிகர் வழக்கேயாம். சுண்ணாம்புக்கல் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியதே உண்மையான சலவைக்கல். இப்பச்சைக் கல்லோ 'செர்ப்பென்டைன்' என்னும் கனிமத்தால் ஆனது.

இலத்தீன் மொழியில் பாம்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது. பச்சையும் கருமையும் விரவி, வழுவழுப்பாக, பாம்பின் தோல்போலத் தோன்றுதலின் மேனாட்டார் இப்பெயரிட்டனர். நம் நாட்டில் நஞ்சை உறிஞ்சும் என்று சிலர் விற்கும் 'பாம்புக்கல்' வேறு. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. குழப்பம் நேராதிருக்க, நாம் இதனைப் பாம்புத்தோற் கல் என்றே இங்கு வழங்குவோம்.

இக்கல் எங்கும் கிடைப்பதில்லை. கருங்கல் மலைகள் நாடெங்கும் உள்ளன. மணற்கல்லும் களிமண்ணும் நாடெங்கும் உள்ளன. பாம்புத்தோற் கல் மட்டும் ஓரிடத்தில் மலையாக நிற்கும். அடுத்த காதத்தில் சிறிதும் இராது. இதற்குக் காரணம் என்ன என்னும் கேள்வி, கடந்த இரண்டு நூற்றாண்டுகளில் பல அறிஞர்களை வாதிட வைத்தது. அவ்வாதங்களின் வரலாற்றையும், அவற்றிலிருந்து தெளிந்த உண்மையையும் சுருக்கமாகக் காண்போம்.

முதலில் இக்கல்லின் இரசாயனத்தை அறிந்துகொள்ளுதல் வேண்டும். தூய பாம்புத்தோற் கனிமத்தின் நூறு பங்கு எடையில் ஏறத்தாழ 43 பங்கு மக்னீசியா, 43 பங்கு மணற்சத்தாகிய சிலிக்கா, எஞ்சிய 13 பங்கு தண்ணீர். கல்லுக்குள் தண்ணீரா என்று வியக்க வேண்டா. அது ஈரமாகத் தங்கிய நீரன்று. கனிமத்தின் கட்டுக்கோப்பிலேயே பின்னிக் கிடக்கும் நீர். பல நூறு பாகை வெப்பத்திற்கு உள்ளாக்கினாலன்றி அது வெளிப்படாது.

தண்ணீர் பூமியில் எங்கும் உண்டு, மணற்சத்தும் அவ்வாறே. ஆகவே, இக்கல் எங்கே பிறக்கும் என்பதைத் தீர்மானிப்பது மக்னீசியமே. 'சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்' என்பது நம்மவர் பழமொழி. கருங்கல்லின் நூறு பங்கில் மணற்சத்து 70 பங்கு அளவில் இருக்கும். மக்னீசியாவோ பெரும்பாலும் ஒரு பங்குகூடத் தேறாது. அதன்மேல் எத்தனை யுகங்கள் வெந்நீர் பாய்ந்தாலும் களிமண் விளையுமேயன்றிப் பாம்புத்தோற் கல் விளையாது. மக்னீசியம் மலிந்த பாறைகள் இரண்டே வகையில் பெருவாரியாக உள்ளன. ஒன்று, பூமியின் ஆழத்திலிருந்து மேலெழுந்த பெரிடோட்டைட்டு, தூனைட்டு ஆகிய கரும்பசும் பாறைகள். மற்றொன்று, மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல்லாகிய தோலமைட்டு. இவ்விரண்டுமே பாம்புத்தோற் கல்லின் பிறப்பிடங்கள்.

முதல் வகைப் பாறையில் ஒலிவின் என்னும் பசுங்கனிமம் நிறைந்துள்ளது. பாறையின் வெடிப்புகள் வழியே நீர் புகுந்து, ஏறத்தாழ 500 பாகை சென்டிகிரேடுக்குக் குறைந்த வெப்பத்தில் ஒலிவினைத் தீண்டும்போது, அது நீரைத் தன்னுள் ஏற்றுப் பாம்புத்தோற் கனிமமாக மாறுகிறது. அங்ஙனம் மாறும்பொழுது பாறை பருத்து இலேசாகின்றது, நீரைப்போல் 3.3 மடங்கு கனத்திருந்தது, 2.6 மடங்கு கனமுடையதாகிறது. ஒலிவினில் இருந்த இரும்பு தனியே பிரிந்து காந்தக்கல்லாக உறைகிறது. உடன் ஹைட்ரஜன் வாயு வெளிப்படுகிறது. கல்லின் கரும் புள்ளிகளும் கோடுகளும் பெரும்பாலும் இக்காந்தக்கல்லின் வேலையே.

மணற்சத்து அளவுக்கு மிஞ்சி வந்து சேர்ந்தால் பாம்புத்தோற் கல் நிலைக்காது. மாக்கல்லுக்கு மூலமான டால்க்கு விளையும். நீருடன் கரியமில வாயு மிகுதியாக வந்தாலோ மக்னசைட்டு என்னும் வெண்கல் விளையும். இதற்குச் சான்று தேடி வெளிநாடு செல்ல வேண்டுவதில்லை. சேலத்திற்கு வடக்கே, சேர்வராயன் மலையடிவாரத்தில், வெண்மையால் ஆங்கிலேயர் 'சாக் ஹில்ஸ்' என்றழைத்த நிலப்பகுதி உள்ளது. அங்குள்ள தூனைட்டுப் பாறையின் வெடிப்புகளில் வெள்ளை வலைபோல் ஓடுவது மக்னசைட்டு. எஃகு உலைகளின் உட்புறத்தில் பதிக்கும் வெப்பந்தாங்கும் செங்கற்களுக்கு அதுவே மூலப்பொருள். சுரங்கத்தில் வெண்கல்லின் அருகே சிற்சில இடங்களில் பாம்புத்தோற் கனிமமும் காணலாம். தாய்ப்பாறை ஒன்றே, வந்து சேர்ந்தது நீரா, கரியமில வாயுவா என்பதைப் பொறுத்துப் பிள்ளைகள் வேறாயினர்.

இரண்டாவது வகையில் நிகழ்வது வேறு. தோலமைட்டில் மக்னீசியம் உண்டு. மணற்சத்து இல்லை அல்லது மிகக் குறைவு. உருகிய எரிமலைக் குழம்பு தோலமைட்டின் அடுக்குகளிடையே புகுந்து வெப்பமூட்டும்போது, சுண்ணாம்புக்கல்லிலேயே உறைந்துள்ள தீக்கல் முடிச்சுகளிலிருந்தோ வெந்நீரிலிருந்தோ மணற்சத்து கிடைக்கிறது. அப்போது தோலமைட்டிலுள்ள மக்னீசியம் மணற்சத்தையும் நீரையும் பற்றிக்கொண்டு பாம்புத்தோற் கல்லாகிறது. சுண்ணாம்பு தனியே கால்சைட்டாக ஒதுங்குகிறது. கரியமில வாயு வெளியேறுகிறது. அதனால் பச்சையும் வெள்ளையும் மாறிமாறி வரிவரியாக அமைவதுண்டு. இந்த வரிகளே உலகின் புகழ்பெற்ற ஒரு வாதத்திற்குக் காரணமாயின.

கனடா நாட்டின் மிகப் பழைய சுண்ணாம்புக்கல்லில், பச்சைப் பாம்புத்தோற் கல்லும் வெள்ளைக் கால்சைட்டும் மெல்லிய அடுக்குகளாக மாறிமாறி அமைந்த மாதிரிகள் 1858ஆம் ஆண்டளவில் கிடைத்தன. கனடாவின் பூகர்ப்ப ஆய்வுத்துறைத் தலைவராயிருந்த வில்லியம் லோகன் அவற்றில் உயிரின் சுவடு இருக்கலாம் என ஐயுற்றார். மாண்ட்ரியல் நகரத்துப் பேரறிஞர் வில்லியம் தாசன் அவற்றை நுண்ணோக்கியால் ஆராய்ந்து, உலகின் முதல் விலங்கின் எச்சம் இதுவே என முடிவு கட்டினார். 'கனடாவின் விடியற்கால விலங்கு' என்னும் பொருள்பட அதற்கு 'ஈயோசூன் கனடென்சே' என்று பெயருமிட்டார். விலங்கு கட்டிய சுண்ணாம்புக் கூட்டின் அறைகளைக் கடலடியில் படிந்த பாம்புத்தோற் கனிமம் நிரப்பியது என்பது அவர்தம் கருத்து. இலண்டன் நகரத்து வில்லியம் கார்ப்பெண்டர் அதனை ஆதரித்தார். உயிர்களின் தொன்மைக்குச் சான்று தேடிக்கொண்டிருந்த சார்லஸ் தார்வினும், 1866இல் வெளிவந்த தம் நூலின் நான்காம் பதிப்பில் இதனைக் குறிப்பிட்டார். பூமியில் உயிர் எப்போது தோன்றியது என்னும் பெருவினாவின் விடை, ஒரு பச்சைக் கல் எங்ஙனம் பிறந்தது என்பதைச் சார்ந்து நின்றது.

அயர்லாந்தின் கால்வே நகரக் கல்லூரியில் இருந்த இரு பேராசிரியர்கள் இதனை மறுத்தனர். ஒருவர் பூகர்ப்ப நூல் வல்ல வில்லியம் கிங். மற்றவர் இரசாயனப் பேராசிரியர் தாமஸ் ரௌனி. கால்வேயை அடுத்த கொன்னமாரா மலைகளில் இவ்வகைப் பச்சைச் சலவைக்கல் உண்டு. ஆதலின் அக்கல்லோடு அவர்கள் நன்கு பழகியிருந்தனர். கனடாக் கல்லின் அடுக்குகளும் நுண்குழாய்களும் உயிர் கட்டியவை அல்ல, இரசாயன மாறுதலால் விளைந்தவை என்று 1866இல் இலண்டன் பூகர்ப்பக் கழகத்தில் கட்டுரை அளித்தனர். வாதம் பல்லாண்டுகள் நீண்டது. சில வேளைகளில் கடுமையும் கொண்டது. கிங் 1886இல் மறைந்தார். 1894இல் வெசூவியஸ் எரிமலைப் பகுதியில், முன்னொரு காலத்தில் எரிமலை வெளியே வீசிய சுண்ணாம்புக்கற் பாளங்களிலும் அதே வரியமைப்பு உள்ளதென ஜான்ஸ்டன்-லேவிஸ், கிரெகரி ஆகிய இருவர் காட்டினர். நெருப்பில் வெந்த கல்லில் விலங்கு கூடு கட்டியிருக்க இயலாதன்றோ! ஈயோசூன் அத்துடன் வீழ்ந்தது. எனினும் தாசன் 1899இல் மறையும் வரை தம் கொள்கையைக் கைவிட்டாரில்லை.

இந்த வில்லியம் கிங்கின் வீட்டோடு நம் நாட்டிற்கு நெருங்கிய தொடர்புண்டு. தந்தையின் பெயரே கொண்ட அவர் மகன் வில்லியம் கிங், இந்தியப் பூகர்ப்ப ஆய்வுத்துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்தில் பணிபுரிந்தவர். 1863ஆம் ஆண்டு செப்டம்பரில் இராபர்ட் புரூஸ் பூட்டுடன் சேர்ந்து, சென்னைக்கு வடமேற்கே அத்திரம்பாக்கத்தில் பழைய கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்தவர் இவரே. அடுத்த ஆண்டில், 1864இல், ஐரோப்பாவில் தந்தை நியாண்டர்தால் மனிதனுக்கு அறிவியற் பெயர் சூட்டினார். இங்கு மகனும் பூட்டும் எழுதிய சேலம், திருச்சிராப்பள்ளி, தஞ்சை, தென்னார்க்காட்டுப் பகுதிகளின் பூகர்ப்ப நூல் வெளிவந்தது. சேலத்து மக்னசைட்டு நிலம் அதில் விவரிக்கப்பட்டது. பின்னர் 1887 முதல் 1894 வரை மகன் அத்துறையின் தலைமைப் பொறுப்பையும் வகித்தார்.

மகன் கிங் 1872இல் வெளியிட்ட பெருநூல், கடப்பை, கர்நூல் பகுதிகளின் பாறை அடுக்குகளைப் பற்றியது. நம் வீட்டு அடுக்களைகளில் மேடையாகவும் தட்டாகவும் பயன்படும் கடப்பைக் கல்லை அறியாத தமிழர் இலர். அக்கல் பிறந்த வட்டாரத்தில், வேம்பல்லி என்னும் ஊரின் பெயரால் அழைக்கப்படும் தோலமைட்டு அடுக்கு ஒன்றுண்டு. அதனுள் தோலரைட்டு என்னும் கரிய எரிகுழம்புப் பாறை தகடுதகடாக ஊடுருவியுள்ளது. கடப்பைப் படுகையின் இத்தகைய ஊடுருவல் ஒன்று ஏறத்தாழ 188 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று பிற்காலத்தார் கணித்துள்ளனர். தோலமைட்டும் எரிகுழம்பும் சந்தித்த விளிம்புகளில், புலிவெந்துலா, பிராமணபல்லி வட்டாரங்களில், பாம்புத்தோற் கல் விளைந்தது. தந்தை அயர்லாந்தில் கனடாக் கல்லுக்காக எந்த விளக்கத்தின் பொருட்டு வாதிட்டாரோ, அவ்விளக்கத்திற்கு இசைந்த நிலத்தை மகன் இந்தியாவில் அளந்து பெயரிட்டுச் சென்றார்.

இதில் மற்றொரு விந்தையும் உண்டு. அதே வேம்பல்லித் தோலமைட்டில் ஸ்திரோமடோலைட்டு எனப்படும் வளைவான வரிக்கட்டிகள் மலிந்துள்ளன. ஆழமற்ற பழங்கடலில் நுண்ணுயிர்ப் படலங்கள் அடுக்கடுக்காகக் கட்டியவை அவை. ஆக, ஒரே பாறையில் இருவகை வரிகள்: ஒன்று உயிர் கட்டியது, மற்றொன்று வெப்பமும் இரசாயனமும் கட்டியது. கண்ணுக்குத் தெரியும் வடிவத்தை மட்டும் கொண்டு தீர்ப்புச் சொல்லலாகாது, பாறையின் இரசாயனத்தையும் கேட்டறிய வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் கிடைப்பதரிது.

புலிவெந்துலாக் கல்லுக்குப் பொருளாதார மதிப்பு ஏற்பட்டது அதன் நாரினால். பாம்புத்தோற் கனிமக் குடும்பத்தில் மூன்று உறுப்பினர் முக்கியமானவர். லிசார்டைட்டு, ஆன்டிகோரைட்டு ஆகிய இரண்டும் தகடாகவோ பாளமாகவோ அமைவன. மூன்றாவதாகிய கிரிசோடைல் பட்டிழைபோல் நாராகப் பிரியும். அதுவே உலகில் மிகுதியாகப் பயன்பட்ட கல்நார். ஒலிவின் பாறையில் விளைந்த கல்நாரில் காந்தக்கல் கலந்திருத்தல் இயல்பு. தோலமைட்டில் இரும்பு அருகியிருத்தலின், கடப்பைக் கல்நார் இரும்பு குறைந்ததாகவும், மின்சாரக் காப்புக்கு ஏற்றதாகவும் விளங்கியது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலும் இதே முறையில், இதே தன்மையுள்ள கல்நார் விளைந்தது. தாய்ப்பாறையின் குணம் நார் வரை தொடர்ந்து வருவதை இங்கே காண்கிறோம்.

ஆனால் இந்நாரின் வரலாறு மகிழ்ச்சிக்குரியதன்று. தீயில் வேகாது, நூற்கவும் நெய்யவும் இசைவது என்று புகழப்பட்ட அதே பொருளின் நுண்தூசு, மூச்சுடன் நெஞ்சிற் புகுந்தால் வெளியேறுவதில்லை. நுரையீரல் இறுகும், புற்றுநோயும் உண்டாகும். நோய் வெளிப்படப் பத்து, இருபது, முப்பது ஆண்டுகளும் செல்லக்கூடும். அதற்குள் சுரங்கம் மூடப்பட்டிருக்கும். தொழிலாளி ஊர் திரும்பியிருப்பான். எந்த வேலையால் நோய் வந்தது என்று சொல்லவும் ஆளிராது. எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் விளைவிப்பவையே என்பதை உலகச் சுகாதார அமைப்பு ஐயமறக் கூறியுள்ளது. புதிய கல்நார்ச் சுரங்கங்களுக்குக் குத்தகை வழங்குவதை இந்திய அரசு 1986இல் நிறுத்தியது. 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கல்நார்த் தொழிலாளரின் உடல்நலம் அவர்தம் வாழ்வுரிமையின் பகுதியே எனத் தீர்ப்பளித்தது. அவர்களுடைய உடல்நலப் பதிவேடுகளை நெடுங்காலம் பேணிக் காக்கவும் ஆணையிட்டது. நோய் காலந்தாழ்த்தி வருவதாகலின் அந்தப் பதிவேடு ஒன்றே பல ஏழைகளுக்குச் சாட்சி. ஊர்விட்டு ஊர் சென்று உழைப்பவர் மிகுந்த நம் சமூகத்தில் இதன் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இனி, முதல் வகைப் பாறையின் வாதத்திற்கு வருவோம். ஒலிவின் பாறைகளும் பாம்புத்தோற் கற்களும் மலைத்தொடர்களின் நடுவே நீண்ட பட்டைகளாகக் கிடத்தல் ஏன் என்பது இருபதாம் நூற்றாண்டின் கேள்வி. அமெரிக்கரான ஹாரி ஹெஸ், நீர் கலந்த உருகு குழம்பாகவே அவை மேலெழுந்தன என்று 1938இல் எழுதினார். நார்மன் போவனும் அவருடைய துணைவர் டட்டிலும் சோதனைச்சாலையில் மக்னீசியா, மணற்சத்து, நீர் மூன்றையும் உயர்ந்த அழுத்தத்தில் காய்ச்சிப் பார்த்தனர். 1949இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, பாம்புத்தோற் கனிமம் ஏறத்தாழ 500 பாகையிலேயே சிதைந்துவிடும். 1000 பாகைக்குக் கீழ் அத்தகைய குழம்பு இருத்தற்கில்லை. ஆதலின் பாறை திண்மையாகவே மேலே வந்தது. நீர் பின்னர்ப் புகுந்தது என்பதே பொருந்தும்.

ஹெஸ் இம்முடிவை மறுத்து நிற்கவில்லை. அதனையே படியாகக் கொண்டு மேலேறினார். பூமியின் உள்ளோட்டுப் பாறை கடலடி முகடுகளில் மேலெழுகிறது, நீரேற்றுப் பாம்புத்தோற் கல்லாகிறது, பின் இருபுறமும் விலகிச் செல்கிறது என்று 1962இல் வெளிவந்த கட்டுரையில் கூறினார். கடலடியின் பெரும்பகுதி பாம்புத்தோற் கல்லே என்ற அவர் கருத்து பின்னர்த் திருத்தப்பட்டது. கடலடி விரிகிறது என்ற கருத்தோ நிலைபெற்று, கண்டங்கள் நகர்வதை விளக்கும் புதிய அறிவியலுக்கு அடித்தளமாயிற்று.

அவ்வறிவியலின் ஒளியில் நம் நாட்டின் படத்தைப் பார்த்தால், பாம்புத்தோற் கற்கள் எல்லைக்கோடுபோல் நிற்பது தெரியும். லடாக்கில் சிந்து நதிப் பள்ளத்தாக்கை ஒட்டி, நிடர், திராஸ் பகுதிகளில் அவை உள்ளன. இந்தியா ஆசியாவுடன் மோதுமுன் இடையே இருந்த பழங்கடலின் அடித்தளம், மோதலில் மேலே தள்ளப்பட்டு எஞ்சியது அது. நாகாலாந்து, மணிப்பூர் எல்லை மலைகளிலும் அத்தகைய பட்டை ஒன்று செல்கிறது. தெற்கே கடலைக் கடந்து, தமிழர் பலர் குடியேறி வாழும் அந்தமான் தீவுகளிலும், போர்ட் பிளேயரை அடுத்த ரட்லந்துத் தீவிலும் அதே பாறைக்குலம் தலைகாட்டுகிறது. கல்லின் இரசாயனத்தை அறிந்தவர்க்கு, மறைந்துபோன ஒரு கடலின் கரையை வரைய இப்பச்சைத் திட்டுகளே போதும்.

ஈயோசூன் வாதத்தில் தாசன் தோற்றார். ஆயினும் பாம்புத்தோற் கல்லுக்கும் உயிருக்கும் உறவுண்டா என்ற வினா முற்றும் மறையவில்லை. 2000ஆம் ஆண்டில் அட்லாண்டிக் கடலின் ஆழத்தில், 60 மீட்டர் உயரம் வரை எழுந்த வெண்ணிறக் கோபுரங்களை ஆய்வாளர் கண்டனர். அவ்விடத்திற்கு 'மறைந்த நகரம்' எனப் பெயரிட்டனர். அங்கே எரிகுழம்பின் துணையின்றி, ஒலிவின் பாறை கடல்நீரை ஏற்றுப் பாம்புத்தோற் கல்லாக மாறிக்கொண்டிருக்கிறது. வெளிவரும் வெந்நீரில் ஹைட்ரஜனும் மீத்தேனும் உள்ளன. சூரிய ஒளி எட்டாத அவ்விருளில், அவ்வாயுக்களையே உணவாகக் கொண்டு நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. உலகின் முதல் உயிர் இத்தகைய இடத்தில் தோன்றியிருக்கலாமோ என்று ஆராய்வார் இன்று பலர். முடிவு எதுவாயினும், தாசன் கல்லின் வடிவத்தில் தேடிய விடையைப் பின்வந்தோர் கல்லின் இரசாயனத்தில் தேடுகின்றனர்.

இத்துணையும் கூறியதன் சாரம் இது: நீர் எங்கும் ஒன்றே, அது எதைத் தீண்டுகிறது என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது. கருங்கல்லைத் தீண்டினால் களிமண். ஒலிவினைத் தீண்டினாலும், எரிகுழம்பால் வெந்த தோலமைட்டைத் தீண்டினாலும் பாம்புத்தோற் கல். கரியமில வாயுவைச் சுமந்துவந்தால் சேலத்து வெண்கல். இதை உணர்ந்தவர்கள் புதையல் தேடுவோர்போல் மலைதோறும் அலைய வேண்டுவதில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்பதை முன்னரே அறிவர். எங்கே கல்நார் இருக்கும், எங்கே சாலைக்கும் குவாரிக்கும் கல் உடைக்குமுன் தொழிலாளியின் மூச்சுக்குக் காவல் தேட வேண்டும் என்பதையும் அந்த அறிவே சொல்லும். உதயப்பூரிலும் கடப்பையிலும் லடாக்கிலும் அந்தமானிலும் பணிநிமித்தம் தங்கியிருக்கும் நம்மவர், அடுத்தமுறை பச்சைப் பாறை ஒன்றைக் காணும்போது, அது எந்தத் தாய்ப்பாறையின் பிள்ளை என்று கேட்டுப் பார்ப்பாராக.